கீழே இருக்கவேண்டிய எண்: ரீவிச் செய்தியை வைத்துப் புள்ளிவிபரவியல் கற்பித்தல்

வணக்கம் ரீச்சர். மற்ற ஆசிரியர்களும் வாசிக்கக்கூடும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலை, தரம் 10, 36 பிள்ளைகள். மீடிறன் அட்டவணை (எந்தப் பெறுமானம் எத்தனை தரம் வந்தது என்ற அட்டவணை) கொடுத்தால் இடை, இடையம், ஆகாரம் மூன்றையும் பிழையில்லாமல் காண்கிறார்கள். அதே பிள்ளைகள் வட்ஸ்அப்பில் வருகிற எந்த எண்ணையும் அப்படியே நம்புகிறார்கள். ரீவி, யூடியூப், பத்திரிகை இவற்றை வைத்து இதைச் சரிசெய்யலாமா, புரொஜெக்டர் இல்லாத வகுப்பில் ஒரு 40 நிமிடப் பாடவேளைக்குள் அது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகும். ஆனால் நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டுவதால் ஆகாது. படம் ஓடத் தொடங்கினால் பிள்ளைகள் பார்வையாளர்களாகிவிடுவார்கள், கணக்குப் போடும் கை நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது நிகழ்ச்சி அல்ல, அதில் வரும் ஒரேயொரு எண். அந்த எண் சொல்லப்படுகிற ஒரு நிமிடம் போதும். அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து சின்ன ஸ்பீக்கரில் ஒலியை மட்டும் கேட்க வைக்கலாம். மின்சாரம் நின்றால் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதினாலும் பாடம் குறையாது. எழுதும்போது எந்த அலைவரிசை, என்ன திகதி, எத்தனை மணிச் செய்தி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணுக்கு ஒரு முகவரி உண்டு என்பதே முதற் பாடம்.

பிறகு மூன்று கேள்விகள். யார் எண்ணினார்கள்? எத்தனை பேரில்? எதோடு ஒப்பிட்டு? ஒரு டிமைத் தாளில் பெரிதாக எழுதி வகுப்புச் சுவரில் தவணை முழுவதும் ஒட்டி வையுங்கள். இதைவிட நீளமான கேள்விப் பட்டியல்கள் கல்வியியலில் உண்டு. பத்துக் கேள்வி கொடுத்தால் பிள்ளைகள் பட்டியலைப் பாடமாக்குவார்கள், மூன்று என்றால் பாவிப்பார்கள். மூன்றிலும் முக்கியமானது நடுவில் இருப்பது. ரீவியில் வரும் எண் பெரும்பாலும் தொகுதி எண்தான், பகுதி எண்ணைச் சொல்லமாட்டார்கள். கீழே என்ன எண் இருந்திருக்கவேண்டும் என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், நீங்கள் தேடுகிறதில் பாதி வந்துவிட்டது.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள். எண்ணைக் கேட்கவும் எழுதவும் 5 நிமிடம். அதிலிருந்து தனக்கு என்ன விளங்கியது என்று ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒரு வசனம் எழுத 5 நிமிடம். நான்கு பேர் கொண்ட குழுவில் மூன்று கேள்விகளுக்கும் விடை தேட 15 நிமிடம். கரும்பலகையில் கணக்கு 10 நிமிடம். கடைசி 5 நிமிடத்தில் முதலில் எழுதிய வசனத்தைத் திருத்தி எழுதுவது. அந்தத் தனி வசனத்தை நேரம் போதாதென்று வெட்டிவிடாதீர்கள். தான் முதலில் என்ன நம்பினேன் என்பது கையெழுத்தில் இருந்தால்தான் எண்ணம் மாறியது பிள்ளைக்கே தெரியும். இல்லாவிட்டால் ‘எனக்கு முதலே தெரியும்’ என்றுதான் முடியும்.

முதல் வகுப்புக்குப் பணவீக்கத்தை எடுங்கள். வீட்டில் தினமும் கதைக்கிற விடயம், எண்களும் தெளிவானவை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். ‘பணவீக்கம் 69.8 இலிருந்து 1.3 ஆகக் குறைந்தது’ என்ற வரியைக் கேட்டுவிட்டுச் சாமான்களின் விலை என்ன ஆனது என்று ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கள். குறைந்தது என்றுதான் பெரும்பாலானவர்கள் எழுதுவார்கள். இப்போது கணக்கு: 2021 செப்டெம்பரில் ஒரு கூடைச் சாமான் 1,000 ரூபா என்று எடுப்போம். ஒரு வருடத்தில் 69.8 சதவீதம் கூடினால் 1,698 ரூபா. அதற்கு மேல் 1.3 சதவீதம் கூடினால் 1,720 ரூபா. குறைந்தது ஏறும் வேகம், ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது. இரண்டாவது பெருக்கலில் 1,000 இன் 1.3 சதவீதத்தை எடுத்து 1,711 என்று எழுதுகிற பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பிழையை உடனே அழிக்காதீர்கள். எதன் 1.3 சதவீதம் என்று கேளுங்கள். நடுக்கேள்வி அங்கேயே வேலை செய்யத் தொடங்கும்.

அதே எண்ணில் இன்னொரு கதவும் உண்டு. சுட்டெண்ணின் பெயரிலேயே கொழும்பு இருக்கிறது. நகரத்து வீட்டின் செலவுக் கூடையை வைத்து நிறை கொடுக்கப்பட்ட எண் அது. நாடு முழுவதுக்கும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் தனியாக உண்டு. வீட்டுநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற விசுவமடுக் குடும்பத்துக்கு அரிசி விலை ஏறுவதும், நீர் இறைக்கும் மோட்டாருக்கு மண்ணெண்ணெய் விலை ஏறுவதும் கொழும்புக் குடும்பத்துக்குப் போலவா இருக்கும்? ஒவ்வொரு குழுவும் தங்கள் வீட்டுச் செலவைச் சாப்பாடு, எரிபொருள், படிப்பு, போக்குவரத்து என்று நூறில் பிரித்துப் பார்க்கட்டும். ரூபாக் கணக்கைக் கேட்காதீர்கள், பங்கை மட்டும் கேளுங்கள். வீட்டு வருமானம் வகுப்பில் வெளிப்படக்கூடாது.

இரண்டாவது வகுப்புக்கு வறுமை எண் பொருத்தம். வன்னியைப் பற்றி ரீவியில் அடிக்கடி வருவதும் அதுதான். வீட்டு வருமான செலவின ஆய்வின்படி இலங்கையின் வறுமை வீதம் 2016 இல் 4.1 சதவீதம், 2019 இல் 14.3 சதவீதம். முல்லைத்தீவு மாவட்டத்தில் 2016 இல் 12.7, 2019 இல் 44.5. இந்த இரண்டு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு காணொளி செய்தால் மூன்று வருடத்தில் வறுமை மூன்று மடங்குக்கு மேல் பாய்ந்தது போல இருக்கும். இடையில் மாறியது அளவுகோல். 2016 வரை வறுமைக்கோடு 2002 ஆம் ஆண்டின் அடிப்படையில் விலைவாசிக்கு ஏற்பத் திருத்தப்பட்டு வந்தது. 2019 க்குரிய எண்கள் 2012/13 ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டின்படி கணிக்கப்பட்டவை. உயரம் பாயும் போட்டியில் தடியை உயர்த்திவிட்டு, பாய முடியாதவர்கள் கூடிவிட்டார்கள் என்று சொல்வது போன்றது. இதைச் சொன்னதும் ‘அப்ப அந்த 44.5 பொய்யா ரீச்சர்?’ என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். பொய் இல்லை. புதிய கோட்டின்படி 2019 இல் நாட்டிலேயே ஆகக் கூடிய வீதம் முல்லைத்தீவில்தான். ஒரே வருடத்துக்குள் ஒரே கோட்டால் மாவட்டங்களை ஒப்பிடலாம். இரண்டு கோட்டால் இரண்டு வருடங்களை ஒப்பிடக்கூடாது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டால் தங்கள் ஊரின் கஷ்டத்தையே பொய்யென்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் தொடவேண்டும். சனத்தொகை சிறிதாக உள்ள மாவட்டம் அடிக்கடி பட்டியலின் தலையிலோ வாலிலோ வந்து நிற்கும். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர், கொழும்பு மாவட்டத்தில் 23 இலட்சம். முல்லைத்தீவில் ஒரு மாதம் இரண்டு விபத்து மரணம், அடுத்த மாதம் நான்கு என்றால் ‘இரு மடங்கு அதிகரிப்பு’ என்று தலைப்பு வரும். கொழும்பில் அதே இரண்டு கூடினால் ஒருவர் கண்ணிலும் படாது. இதை விளக்க நாணயம் போதும். 36 பிள்ளைகளும் ஆளுக்குப் பத்துத் தரம் சுண்டட்டும். பூ விழுந்தது மூன்று அல்லது அதற்குக் குறைவு, ஏழு அல்லது அதற்கு மேல் என்று வந்தவர்களை எண்ணுங்கள். கணக்குப்படி ஏறத்தாழ 12 பேர் இருக்கவேண்டும். பிறகு ஒரு வரிசையில் உள்ளவர்களின் சுண்டல்களைச் சேர்த்து அறுபதாக்கிப் பாருங்கள். 30 சதவீதமும் 70 சதவீதமும் கிட்டத்தட்ட மறைந்துவிடும். நாணயம் அதே நாணயம், சின்னக் குழுதான் ஆடுகிறது. நாணயம் மேசைக்குக் கீழே உருண்டு பத்து நிமிடம் போய்விடும் என்பதால் புத்தகத்தின் மேல் சுண்டச் சொல்லுங்கள்.

வரைபுக்கு நெல் விலையை விடப் பொருத்தமானது இந்தப் பக்கத்தில் இல்லை. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை கிலோவுக்கு நாடு 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. பாதி வகுப்புக்கு நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்தும், மற்றப் பாதிக்கு 115 இலிருந்தும் தொடங்கிச் சலாகை வரைபு வரையக் கொடுங்கள். ஒரு பாதிக்குக் கொடுத்ததை மற்றப் பாதிக்குச் சொல்லவேண்டாம். 115 இல் தொடங்கியவர்களின் தாளில் நாட்டு நெல்லின் சலாகை 5 அலகு, கீரிச் சம்பாவின் சலாகை 17 அலகு, மூன்று மடங்குக்கு மேல். உண்மையில் வித்தியாசம் பத்துக்கு ஒன்று. இரண்டு தாளையும் அருகருகே ஒட்டியதும் நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதன்பின் வீட்டில் செய்தி பார்க்கும்போது அச்சின் அடியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பூச்சியத்தில் தொடங்காத வரைபெல்லாம் மோசடி என்ற முடிவுக்கு மட்டும் விடாதீர்கள். காய்ச்சல் வரைபைப் பூச்சியத்தில் தொடங்கினால் 98 க்கும் 103 க்கும் இடையிலான வேறுபாடு தெரியாமலே போய்விடும். சலாகைக்குப் பூச்சியம் தேவை, கோட்டு வரைபுக்கு எப்போதும் தேவையில்லை.

குளத்து நீர்மட்டச் செய்தியும் அப்படி ஒரு பொக்கிஷம். இரணைமடுவின் முழுக் கொள்ளளவு மட்டம் 36 அடி. நீர்மட்டம் 18 அடி என்று செய்தியில் வந்தால் அரைக்குளம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். குளம் தொட்டி மாதிரி நேராக இல்லை, கிண்ணம் மாதிரி மேலே போகப்போக விரிகிறது. மேல் ஓரடியில் நிற்கும் தண்ணீர் அடி ஓரடியில் நிற்பதை விடப் பல மடங்கு. வட்டமான ஒரு சட்டியை எடுத்து, அரை ஆழம் வரை எத்தனை தம்ளர் பிடிக்கிறது, நிரம்ப எத்தனை என்று அளக்க விடுங்கள். சரியான அரைக்கோளக் கிண்ணமென்றால் அரை ஆழத்தில் 31 சதவீதந்தான் இருக்கும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிக்கும்போது அடிக்கணக்கை மட்டும் வைத்துச் சண்டை பிடிப்பது ஏன் சரிவராது என்பது அந்தச் சட்டியிலேயே விளங்கிவிடும்.

மழை முன்னறிவிப்புக்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். தவணையில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு இரவுச் செய்தியில் வரும். ஒக்டோபர் நடுவில் தொடங்கி 30 நாள், ஒவ்வொரு நாளும் ஒரு குழு அதைக் கேட்டு எழுதவேண்டும். வடக்கில் மழை என்றார்களா, எத்தனை மில்லிமீற்றர் என்றார்களா? மறுநாள் பாடசாலையில் மழை பெய்ததா என்று அளவியில் பார்க்கவேண்டும்.

அளவிக்கு ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் போதும். மேற்பகுதியை வெட்டித் தலைகீழாக உள்ளே வைத்தால் புனல். அடி நெளிந்திருப்பதால் அங்கே சிறு கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறியுங்கள். அதிலிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் குறிக்கலாம். தினமும் அளந்தபின் திரும்பவும் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெயில் நாளில் தண்ணீர் வற்றி மட்டம் கீழே இறங்கும், அதையும் நிரப்பவேண்டும். இதை மறந்தால்தான் அளவுகள் கெடும். வைப்பது வெளியான இடத்தில், மரத்துக்கும் கூரைக்கும் எட்ட. ஆடுமாடு தட்டிவிடாமல் நான்கு செங்கல் சுற்றி வையுங்கள்.

30 நாள் முடிய நான்கு பெட்டி அட்டவணை போடுங்கள். மழை என்றார்கள், பெய்தது. மழை என்றார்கள், பெய்யவில்லை. இல்லை என்றார்கள், பெய்தது. இல்லை என்றார்கள், பெய்யவில்லை. சரியாக வந்த நாட்களை முப்பதால் வகுத்தால் ஒரு வீதம் வரும். அது எவ்வளவு நல்ல வீதமாக இருந்தாலும் பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள்: காலபோக மழை நாட்களில் வானத்தைப் பாராமலே ஒருவர் தினமும் ‘நாளை மழை’ என்று சொன்னால் அவருக்கு எத்தனை நாள் சரிவரும்? அவரை வெல்லாத முன்னறிவிப்புக்கு மதிப்பில்லை. அவரை வென்றால் எவ்வளவால் வென்றது என்பதே அதன் திறமை. ஒப்பிடுவதற்கு ஓர் அடிமட்டம் வேண்டும் என்ற இந்தக் கருத்தை மருந்து விளம்பரத்துக்கும் சாத்திரத்துக்கும் பரீட்சை முன்மாதிரி வினாத்தாளுக்கும் பிள்ளைகளே கொண்டுபோவார்கள். மில்லிமீற்றரைக் கையில் பிடிக்கும் பொருளாக்க ஒரு கணக்கு: ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர். அதில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 4 இலட்சத்து 5 ஆயிரம் லீற்றர். ‘100 மில்லிமீற்றருக்கு மேல்’ என்று சொல்லப்படும்போது வயற்காரர் ஏன் வரம்பு பார்க்க ஓடுகிறார் என்பது அதில் இருக்கிறது.

கிரிக்கெட்டைச் சேர்க்காமல் விடமுடியாது, பெடியன்கள் அங்கேதான் இருக்கிறார்கள். டொன் பிரட்மன் டெஸ்ட் போட்டிகளில் 80 இனிங்ஸில் எடுத்த ஓட்டம் 6,996. எண்பதால் வகுத்தால் 87.45. எல்லோருக்கும் தெரிந்த சராசரியோ 99.94. ஏன்? பத்துத் தடவை ஆட்டமிழக்கவில்லை, ஆகவே வகுப்பது எழுபதால். கீழே எந்த எண்ணைப் போடுவது என்பது மனிதர்கள் கூடித் தீர்மானித்த விதி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1948 இல் தனது கடைசி இனிங்ஸில் நான்கு ஓட்டம் எடுத்திருந்தால் சரியாக 100 வந்திருக்கும், பூச்சியத்தில் போனார் என்பதையும் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

2015 உலகக் கிண்ணத்தில் சங்கக்கார தொடர்ந்து நான்கு சதம் அடித்தார்: 105, 117, 104, 124. அடுத்த காலிறுதியில் 45. அதை வீழ்ச்சி என்று பேசினால், அவருடைய ஒருநாள் சராசரி ஏறத்தாழ 42 என்று எழுதிக் காட்டுங்கள். மிக உயரத்துக்குப் போனது அடுத்த தரம் வழமையான மட்டத்தை நோக்கித் திரும்புவது இயல்பு. ஒரு தவணையில் முதலாம் பிள்ளையாக வந்தவர் அடுத்த தவணையில் கொஞ்சம் இறங்கினால், அதற்கு வீட்டில் வாங்கும் ஏச்சும் இந்தக் கணக்கைத் தெரியாததால் வருவதுதான். அட்டவணையைக் கவனமாக வாசிப்பதற்கு 2003 மார்ச், டேர்பன் ஆட்டம். இலங்கைக்கு எதிராக மழை குறுக்கிட்டபோது டக்வர்த் லூயிஸ் முறைப்படி 229 என்பது சமநிலைக்கான எண், வெல்ல 230 வேண்டும். 229 போதும் என்று நினைத்த தென்னாபிரிக்கத் துடுப்பாட்டவீரர் முரளிதரனின் கடைசிப் பந்தை ஓட்டம் எடுக்காமல் தட்டி வைத்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது, போட்டியை நடத்திய நாடே வெளியேறியது. ‘அல்லது அதற்கு மேல்’, ‘விட அதிகம்’ இரண்டையும் மாறி வாசிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், மறக்கமாட்டார்கள்.

பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளின் வாக்கெடுப்பு, மாதிரி எடுத்தலைக் கற்பிக்க உதவும், அதாவது எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் தெரிந்து கேட்பதை. இலட்சம் வாக்கு வந்தது என்றால் மக்களின் தீர்ப்பு என்று நம்பிவிடுகிறோம். வாக்களித்தவர்கள் தாங்களாக முன்வந்தவர்கள், ஒருவரே பலமுறை போட்டிருக்கலாம். 1936 இல் அமெரிக்காவில் ஒரு சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பதில்களை எண்ணி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் எடுத்து வென்றார். அதிலும் மிகச் சிறிய மாதிரியை எடுத்த கருத்துக்கணிப்பாளர் ஜோர்ஜ் கலப் சரியாகச் சொன்னார். வகுப்பில் செய்து காட்ட: நேற்று எத்தனை நிமிடம் ரீவியோ போனோ பார்த்தீர்கள் என்று எல்லோரும் பெயர் போடாமல் துண்டில் எழுதி ரின்னில் போடட்டும். முதலில் சொல்ல விரும்பி கை உயர்த்தும் எட்டுப் பேரைக் கேட்டு இடை காணுங்கள். பிறகு ரின்னைக் குலுக்கி எட்டுத் துண்டை எடுத்து இடை காணுங்கள். கடைசியில் 36 துண்டின் இடை. மூன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். துண்டுகளைச் சமமாக மடிக்கவேண்டும், இல்லாவிட்டால் பெரிய துண்டே கையில் வரும். வீட்டில் ரீவி இல்லாதவர்கள் யார் என்று கைதூக்கச் சொல்லவேண்டாம். வீட்டில் பார்க்கும் வேலைகளைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டால் அது தானாகச் சரிவரும்.

வினாடிவினா நிகழ்ச்சி, மூன்று கதவுப் புதிர் இவற்றைச் சிரட்டையால் விளையாடலாம். மூன்று சிரட்டை, ஒன்றின் கீழே புளியங்கொட்டை. ஒருவர் தெரிவுசெய்தபின், ஒளித்தவர் மற்ற இரண்டில் வெறுமையான ஒன்றைத் திறக்கிறார். மாற்றுவதா, பிடித்ததையே பிடிப்பதா? 18 சோடியில் ஒன்பது சோடி எப்போதும் மாற்ற, ஒன்பது சோடி எப்போதும் மாற்றாமல், சோடிக்கு 20 தரம். மாற்றாதவர்களுக்கு 180 இல் 60 அளவும் மாற்றியவர்களுக்கு 120 அளவும் வரும். வராவிட்டால் ஒளித்தவர்களைப் பாருங்கள். இடத்தை மறந்து கொட்டையையே திறந்திருப்பார்கள், அல்லது ஒவ்வொரு தரமும் நடுச் சிரட்டையிலேயே ஒளித்திருப்பார்கள்.

விளம்பரங்களில் ‘99.9 சதவீதக் கிருமி’, ‘பத்தில் ஒன்பது பேர்’ இரண்டும் ஒரு பாடவேளைக்கு மேல் தேவையில்லை. எந்தப் பத்து, எத்தனை தரம் பத்துப் பத்தாகக் கேட்டார்கள், சரிவந்த பத்தை மட்டும் காட்டினார்களா என்பதோடு முடிந்துவிடும். அதைவிட எங்கள் சந்திகளில் தொங்கும் ரியூசன் பதாகைகளும் அவற்றின் முகநூல் காணொளிகளும் முக்கியம். ‘12 பேருக்கு 9ஏ’ என்று படத்தோடு போடுவார்கள். பரீட்சை எழுதிய மாணவர் எத்தனை பேர்? நாற்பதா, நானூறா? அதே பிள்ளையின் படம் மூன்று நிலையங்களின் பதாகையில் இருக்கிறதா? அந்த நிலையத்துக்குப் போகுமுன் அவர் எத்தனை ஏ எடுக்கக்கூடியவராக இருந்தார்? பதாகைகளைப் பெயர் மறைத்துக் குறித்துவரச் சொல்லுங்கள். பெயரோடு கொண்டுவந்தால் வகுப்பு சண்டையாக மாறும், உங்களோடு கற்பிப்பவர்களில் யாராவது அங்கே படிப்பிப்பவராகவும் இருக்கலாம்.

உயர்தரப் பெறுபேறு வரும் வாரம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி ரீவியில் நிறைந்திருக்கும். தரம் 10 க்கு நியம விலகல் இன்னும் வரவில்லை. பரவாயில்லை, கூட்டத்தின் இடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய், அந்தக் கூட்டம் எவ்வளவு பரந்திருக்கிறது என்று சொன்னால் விளங்கும். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாக வைத்து இசட் புள்ளி கணித்தார்கள். 2012 இல் உயர் நீதிமன்றம் அது பிழை, இரண்டு தனித்தனிக் குடித்தொகையாகக் கணிக்கவேண்டும் என்றது. எத்தனை பேரில் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போன இடம் அது, பல பல்கலைக்கழக இடங்கள் அதில் தங்கியிருந்தன.

எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்லவேண்டும். மூன்று கிழமை பிழையான எண்களையே கொண்டுபோனால் பிள்ளைகள் ‘எல்லாம் பொய்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அது சிந்தனை அல்ல, எல்லாவற்றையும் நம்புவதைப் போன்ற சோம்பல்தான். வைத்தியர் தடுப்பூசி பற்றிச் சொல்லும் எண்ணையும் அதே வாயால் தள்ளிவிடுவார்கள். ஆகவே பிழையான எண் ஒன்றுக்குச் சரியாகச் செய்யப்பட்ட எண் ஒன்று என்று மாறி மாறிக் கொடுங்கள். வீட்டு வருமான ஆய்வு நாடு முழுவதும் 25,000 வீட்டு அலகுகளை எப்படித் தெரிவுசெய்கிறது என்பதும் மழை அட்டவணையும் இதற்குத்தான். பிள்ளை ‘நம்பலாம்’ என்று காரணத்தோடு எழுதினால் ‘நம்பமுடியாது’ என்று எழுதியதற்குக் கொடுத்த அதே புள்ளியைக் கொடுக்கவேண்டும். நான் பரிந்துரைக்கும் புள்ளித்திட்டம் பத்துக்கு: எண்ணின் முகவரி 2, கீழெண்ணைத் தேடியது 3, கணக்கு 2, திருத்திய வசனம் 3. முடிவு எந்தப் பக்கம் என்பதற்குப் புள்ளி இல்லை.

அரசியல் கட்சிகளின் எண்களை முதல் தவணையில் தொடவேண்டாம். யாருடைய எண் என்பதைப் பார்த்தே பிள்ளைகள் விடை சொல்வார்கள். யுத்தகால எண்கள் வேறு. இங்கே பெரும்பாலான வகுப்புகளில் யாரோ ஒருவரின் வீட்டுப் படம் மாலையோடு சுவரில் தொங்குகிறது. அதைப் பயிற்சிக் கணக்காக்கக்கூடாது. ஆனால் ஒரு பிள்ளையே கேட்டால் மூடி மறைக்கவும் வேண்டாம். 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் இருக்கும் மக்கள் ஏறத்தாழ 70,000 என்று அரச தரப்பில் சொல்லப்பட்டது. வெளியே வந்து முகாம்களில் பதியப்பட்டவர்கள் இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல். உணவும் மருந்தும் எத்தனை பேருக்கு என்ற கணக்கில்தான் போகும். கீழே இருக்கும் எண்ணைக் குறைத்து எழுதினால் என்ன ஆகும் என்பது அவர்களின் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதே ஆசிரியர் செய்யக்கூடியது.

தொடங்குவதற்கு: வருகிற திங்கள் பணவீக்கம், அடுத்த கிழமை நெல் விலை வரைபு, மூன்றாவது கிழமை நாணயமும் முல்லைத்தீவும். போத்தல் அளவியை மட்டும் இப்போதே செய்து வையுங்கள். முதல் மழைக்கு முன் ஒரு கிழமையாவது வெறும் பூச்சியங்களைப் பதிந்திருந்தால்தான் ‘இல்லை என்றார்கள், பெய்யவில்லை’ என்ற பெட்டி காலியாக இராது.